குமரி மாவட்டத்தில் வருமான வரியும் ஜிஎஸ்டியும்: கடைக்காரர், தோட்டக்காரர், கல்ஃப் குடும்பங்களுக்கான முழுமையான வழிகாட்டி

மார்த்தாண்டத்தில் இருந்து 80,000 ரூபாய் சரக்கை வேனில் ஏற்றி நாகர்கோவிலுக்கு அனுப்பினால் இ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டு) தேவையில்லை. தமிழ்நாட்டுக்குள் அதற்கான வரம்பு 1 லட்சம். அதே சரக்கு களியக்காவிளையைத் தாண்டித் திருவனந்தபுரம் போனால் வரம்பு 50,000. பில் இல்லாமல் வண்டி பிடிபட்டால் சரக்கும் வண்டியும் நிற்கும். இரண்டு பயணத்துக்கும் தூரம் ஏறக்குறைய ஒன்றுதான், சட்டம்தான் வேறு.

இந்த மாவட்டத்தில் வரித் தொல்லைகள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன. வரி விகிதம் அதிகம் என்பதால் வருவதில்லை. வருமானத்தைத் தப்பான வகையில் போடுவது, மாநில எல்லையைக் கவனிக்காமல் விடுவது, பணத்தை ரொக்கமாகக் கைமாற்றுவது ஆகிய மூன்றில் ஒன்றுதான் நோட்டீசாக வீட்டுக்கு வருகிறது. ஆகவே இந்த வழிகாட்டி அந்த மூன்றைச் சுற்றியே போகிறது.

இங்குள்ள வருமான வரிக் கணக்குகள் 2025-26 நிதியாண்டுக்கானவை, அதாவது 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரை கிடைத்த வருமானத்துக்கு. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டன. ஆனால் 2025-26 வருமானத்துக்குப் பொருந்துவது 1961ஆம் ஆண்டுச் சட்டமே. கீழே வரும் எண்கள் அந்தச் சட்டத்தின் எண்கள்.

முதல் படி: வருமானத்தை வகை பிரியுங்கள்

ஒரு தாளை எடுத்து, வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு பணத்தையும் தனித்தனியாக எழுதுங்கள். சம்பளம் அல்லது பென்ஷன், வாடகை, வணிகம், நிலம் அல்லது பங்கு விற்ற லாபம், வட்டி போன்றவை, அதற்கு அப்பால் விவசாயம். இதில் குமரிக்காரர்கள் அதிகம் தவறுவது விவசாயம் என்ற கடைசித் தலைப்பில்தான்.

சொந்தத் தோட்டத்து ரப்பர் பால், தேங்காய், வாழை, கிராம்பு ஆகியவற்றை விற்ற வருமானம் விவசாய வருமானம். அதற்கு வருமான வரி விலக்கு உண்டு. ஆனால் தன் மரத்துப் பாலையே சென்ட்ரிஃப்யூஜ் செய்த லேட்டக்ஸாகவோ, கிரேப்பாகவோ, பிளாக் ரப்பராகவோ மாற்றி விற்றால், அந்த வருமானத்தில் 35 சதவீதம் வணிக வருமானமாகக் கருதப்படும் என்கிறது விதி 7ஏ. மீதி 65 சதவீதம்தான் விவசாயம். பிறர் தோட்டத்துப் பாலையும் ஷீட்டையும் வாங்கி விற்கும் வியாபாரிக்கு இந்த விலக்கு எதுவும் கிடையாது. முழுவதும் வணிகம்தான்.

ரப்பர் தோட்டத்துக்குள் தேன்பெட்டி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: பெட்டி உங்கள் நிலத்திலேயே இருந்தாலும் தேன் வருமானம் விவசாயத்தில் சேராது. நிலத்தை உழுது பயிரிட்டதால் வந்த விளைச்சல் அல்ல என்பது காரணம். மீன்பிடித்தலுக்கும் இதே நிலைதான். குளச்சலிலோ தேங்காய்ப்பட்டணத்திலோ விசைப்படகு வைத்திருப்பவரின் வருமானம் வணிக வருமானம். கோழி, மாட்டுப்பண்ணை வருமானமும் அப்படியே.

அடுத்து, விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பதால் அதைக் காட்டவே வேண்டாம் என்று நினைக்கக்கூடாது. 5,000 ரூபாய்க்கு மேல் விவசாய வருமானம் இருந்தால், ஐடிஆர் என்ற வருமான வரி ரிட்டர்னில் ஐடிஆர்-1, ஐடிஆர்-4 ஆகிய எளிய படிவங்களைப் பயன்படுத்த முடியாது. மேலும், மற்ற வருமானம் வரி விலக்கு வரம்பான 4 லட்சத்தைத் தாண்டினால், விவசாய வருமானத்தைச் சேர்த்துத்தான் விகிதம் கணக்கிடப்படும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். மற்ற வருமானம் 9 லட்சம், விவசாய நிகர வருமானம் 7 லட்சம். இரண்டையும் கூட்டினால் 16 லட்சம், மூன்றாம் படியில் வரும் புதிய முறை விகிதப்படி அதற்கு வரி 1,20,000. விவசாய வருமானம் 7 லட்சத்தோடு விலக்கு வரம்பு 4 லட்சத்தைச் சேர்த்தால் 11 லட்சம், அதற்கு வரி 50,000. வித்தியாசம் 70,000. இதில் 87ஏ தள்ளுபடி (12 லட்சத்துக்குள் வருமானம் உள்ளவருக்கான வரிக் குறைப்பு) 60,000 போக 10,000, அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரி 4 சதவீதம், மொத்தம் 10,400 ரூபாய். 12 லட்சம் வரை வரி இல்லை என்று நம்பி, 9 லட்சம் மட்டும் காட்டிப் பூஜ்யம் போட்டவருக்குப் பின்னால் வருவது இந்த 10,400தான், வட்டியோடு.

இரண்டாம் படி: உங்களைப் பற்றி அரசுக்குத் தெரிந்ததை முதலில் படியுங்கள்

வருமான வரித் துறையின் மின்-தாக்கல் தளத்தில் பான் எண்ணால் நுழைந்து, ஏஐஎஸ் என்ற வருடாந்திரத் தகவல் அறிக்கையையும், பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தையும் இறக்குங்கள். வங்கி வட்டி, டிவிடெண்ட், நிலப் பத்திரப்பதிவு, பங்கு விற்பனை, டிடிஎஸ் (பணம் தருபவர் முன்கூட்டியே பிடித்துக் கட்டும் வரி), பெரிய ரொக்க வைப்பு எல்லாம் அதில் இருக்கும். கூட்டுறவு வங்கியில் போட்ட வைப்பு யார் கண்ணிலும் படாது என்று எண்ண வேண்டாம்.

உங்கள் தாளையும் ஏஐஎஸ்ஸையும் வரிவரியாக ஒப்பிடுங்கள். அதில் இருப்பது தவறு என்றால் அந்த வரியிலேயே பின்னூட்டம் பதிவு செய்யும் வசதி உண்டு. கணவனும் மனைவியும் சேர்ந்து வைத்த டெபாசிட்டின் வட்டி முழுவதும் முதல் பெயருக்காரரின் பானில் விழுவதை அடிக்கடி பார்க்கலாம். அப்படியே விட்டுவிட்டு ரிட்டர்னில் பாதியை மட்டும் காட்டினால், பொருந்தவில்லை என்று மின்னஞ்சல் வரும்.

ஏஐஎஸ்ஸில் இல்லாததாலேயே ஒரு வருமானத்தை விட்டுவிடவும் கூடாது. சேர்க்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

மூன்றாம் படி: புதிய முறையா, பழைய முறையா

வருமான வரியைக் கணக்கிட இரண்டு முறை உண்டு: கழிவுகள் குறைந்த புதியது, கழிவுகள் அதிகமுள்ள பழையது. புதிய முறையில் 4 லட்சம் வரை வரி இல்லை. 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், 12 வரை 10, 16 வரை 15, 20 வரை 20, 24 வரை 25, அதற்கு மேல் 30. இந்தியாவில் வசிப்பவரின் வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் 60,000 வரை தள்ளுபடி கிடைத்து வரி பூஜ்யமாகும். சம்பளக்காரருக்கும் பென்ஷன்காரருக்கும் 75,000 நிலைக்கழிவு உண்டு என்பதால் அவர்களுக்கு அது 12,75,000.

12 லட்சத்தைச் சிறிதளவு தாண்டினாலும் பயப்பட வேண்டாம். வரிக்குரிய வருமானம் 12,10,000 என்றால் கணக்குப்படி வரி 61,500 வரும். ஆனால் தாண்டிய 10,000க்கு மேல் வரி வாங்க முடியாது என்ற நிவாரணம் இருக்கிறது.

தள்ளுபடி எட்டாத இடம் ஒன்று உண்டு. சிறப்பு விகித வருமானத்துக்கு அது பொருந்தாது. நாகர்கோவிலில் 11 லட்சம் சம்பளம் வாங்கும் ஓர் ஆசிரியைக்கு, பங்குச் சந்தையில் குறுகிய கால லாபம் 50,000 வந்திருந்தால், சம்பளத்துக்கு வரி பூஜ்யம். பங்கு லாபத்துக்கு 20 சதவீதம், செஸ்ஸோடு 10,400 கட்டத்தான் வேண்டும்.

வீட்டுக் கடன் வட்டி 2 லட்சம், 80சி (சேமிப்புக்கான கழிவு) 1.5 லட்சம், மருத்துவக் காப்பீடு, வாடகைப்படி எல்லாம் முழுமையாக உள்ளவருக்குப் பழைய முறை இன்னும் லாபமாக இருக்கலாம். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் புதியதே நல்லது. இரண்டிலும் கணக்குப் போட்டுப் பாருங்கள், தளத்திலேயே கால்குலேட்டர் இருக்கிறது. சம்பளக்காரர் ஒவ்வொரு வருடமும் மாறலாம். வணிக வருமானம் உள்ளவர் பழைய முறைக்குப் போக 10-ஐஈஏ படிவத்தைக் கடைசித் தேதிக்குள் தர வேண்டும். பிறகு புதிய முறைக்கு ஒருமுறை திரும்பினால், வணிகம் இருக்கும்வரை பழையதற்குப் போக முடியாது. ரிட்டர்னைத் தாமதமாகப் போடுபவருக்குப் பழைய முறையே கிடையாது.

இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். ரீஃபண்ட் எடுத்துத் தருகிறேன், அதில் இத்தனை சதவீதம் தந்தால் போதும் என்று சொல்லும் ஏஜெண்டுகளிடம் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். கட்சி நன்கொடை, இல்லாத காப்பீடு, வாங்காத கல்விக் கடன் என்று அவர்கள் நிரப்பும் கழிவுகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். தவறான தகவலுக்கு அபராதம், தப்பிய வரியில் 200 சதவீதம் வரை. ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற எத்தனையோ பேர் வாழும் மாவட்டம் இது. அவர்களின் மொத்தமாகப் பெற்ற கம்யூட்டட் பென்ஷனுக்குச் சட்டப்படியே வரி இல்லை. சட்டம் தந்திருப்பதைச் சரியாக எடுத்தாலே போதும், பொய்க் கழிவு தேவைப்படாது.

நான்காம் படி: சின்ன வியாபாரத்துக்கு 44ஏடி

பேரேடு, நாளேடு எல்லாம் எழுதி வைக்க வசதியில்லாத கடைக்குச் சட்டமே 44ஏடி என்ற பிரிவில் ஒரு குறுக்குவழி தருகிறது. வருட விற்பனை 2 கோடி வரை இருந்தால், வங்கி, யுபிஐ வழியாக வந்த விற்பனையில் 6 சதவீதமும், ரொக்க விற்பனையில் 8 சதவீதமும் லாபம் என்று காட்டினால் போதும். ரொக்க வரவு மொத்தத்தில் 5 சதவீதத்துக்குள் இருந்தால் வரம்பு 3 கோடி.

விற்பனை 90 லட்சம். யுபிஐயில் 60 லட்சம், ரொக்கம் 30 லட்சம். 60 லட்சத்தில் 6 சதவீதம் 3,60,000. 30 லட்சத்தில் 8 சதவீதம் 2,40,000. காட்ட வேண்டிய லாபம் 6 லட்சம். வேறு பெரிய வருமானம் இல்லையென்றால் வரி பூஜ்யம். ஆனாலும் ரிட்டர்ன் போட்டே ஆகவேண்டும். வருமானம் 4 லட்சத்துக்குக் கீழே இருந்தாலும் விற்பனை 60 லட்சத்தைத் தாண்டினாலோ, வருடத்தில் மின்கட்டணம் 1 லட்சத்துக்கு மேல் கட்டியிருந்தாலோ, வெளிநாட்டுப் பயணத்துக்கு 2 லட்சத்துக்கு மேல் செலவழித்திருந்தாலோ ரிட்டர்ன் கட்டாயம். மகன் வேலை செய்யும் துபாய்க்குப் போய்வந்த பெற்றோர் பலர் கடைசி நிபந்தனையில் தாங்கள் வருவதை அறிவதில்லை.

6, 8 என்பது குறைந்தபட்சம். உண்மையான லாபம் அதற்கு மேல் என்றால் அதைத்தான் காட்ட வேண்டும். வீடு கட்டியிருக்கிறீர்கள், கார் வாங்கியிருக்கிறீர்கள், ஆனால் வருடா வருடம் காட்டிய லாபம் 3 லட்சம்தான் என்றால் கேள்வி வரும் இடம் அதுதான்.

44ஏடி எல்லோருக்கும் கிடையாது. தரகு, கமிஷன், ஏஜென்சி வருமானத்துக்கு இல்லை. ஆகவே மீன் ஏலத்தில் கமிஷன் எடுப்பவர், நிலத் தரகர், காப்பீட்டு ஏஜெண்ட் ஆகியோர் செலவுக் கணக்கோடுதான் லாபம் காட்ட வேண்டும். மருத்துவர், வக்கீல், பொறியாளர் போன்றோருக்கு 44ஏடிஏ: வரவில் பாதி லாபம், வரவு 50 லட்சம் வரை, ரொக்கம் 5 சதவீதத்துக்குள் என்றால் 75 லட்சம் வரை. லாரி, டெம்போ வைத்திருப்பவருக்கு 44ஏஈ: 10 வண்டி வரை, வண்டி ஒன்றுக்கு மாதம் 7,500 ரூபாய். 12 டன்னுக்கு மேற்பட்ட கனரக வண்டிக்கு டன்னுக்கு மாதம் 1,000.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு வருடம் 44ஏடியில் போட்டுவிட்டு, அடுத்த ஐந்து வருடத்துக்குள் ஏதாவது ஒரு வருடம் லாபம் குறைவு என்று வெளியேறினால், பிறகு ஐந்து வருடம் திரும்ப நுழைய முடியாது. அந்தக் காலத்தில் வருமானம் விலக்கு வரம்பைத் தாண்டினால் ஆடிட்டும் கட்டாயமாகும். நஷ்ட வருடத்தில் அவசரப்பட்டு வெளியே வருமுன் ஆடிட்டரிடம் பேசிவிடுங்கள்.

வரி 10,000க்கு மேல் வரும் என்று தெரிந்தால் முன்வரி கட்ட வேண்டும். 44ஏடிக்காரர் மார்ச் 15க்குள் ஒரே தவணையில் கட்டலாம். மற்றவர்களுக்கு ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15 என்று நான்கு தவணை. வணிக வருமானம் இல்லாத, 60 வயது கடந்தவர்களுக்கு முன்வரி இல்லை.

ஐந்தாம் படி: ரொக்கத்தை எங்கே நிறுத்துவது

கைமாற்று நம்மூரில் உறவின் அடையாளம். சட்டத்துக்கு அது 20,000 ரூபாய்க்குக் கீழே இருக்கும்வரைதான் பிரச்சினையில்லை. 20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாகக் கடன் வாங்கினாலும், அதை ரொக்கமாகத் திருப்பிக் கொடுத்தாலும், அந்தத் தொகை அளவுக்கே அபராதம். நிலத்துக்கு வாங்கும் முன்பணத்துக்கும் இது பொருந்தும். ஒப்பந்தத்தில் 5 லட்சம் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன் என்று முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுபவர், 5 லட்சம் அபராதத்துக்கான சாட்சியத்தைத் தானே தயாரித்துக் கொடுக்கிறார்.

ஒருவரிடம் இருந்து ஒரே நாளில், அல்லது ஒரே பரிவர்த்தனைக்கு, அல்லது ஒரே நிகழ்ச்சிக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் வாங்கக்கூடாது. வடசேரி நகைக் கடைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் இது முக்கியம். மூன்று நாளில் மூன்று ரசீதாகப் பிரித்தாலும், கல்யாணம் ஒன்று என்பதால் கூட்டித்தான் பார்ப்பார்கள். இங்கே அபராதம் வாங்கியவருக்கு.

செலவுப் பக்கம் வரம்பு 10,000. ஒரே நாளில் ஒருவருக்கு அதற்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவு கணக்கில் ஏற்கப்படாது. லாரி வாடகைக்கு 35,000. ஆனால் விவசாய விளைபொருள், மீன், தேன் போன்றவற்றை விளைவித்தவரிடம் இருந்தே நேரடியாக வாங்கும்போது இந்த வரம்பில் இருந்து விதி 6டிடி விலக்குத் தருகிறது. தோவாளையில் பூ வியாபாரி விவசாயியிடம் 25,000 ரொக்கம் கொடுத்து வாங்கினால் தவறில்லை. அதே பூவை இடைத்தரகரிடம் வாங்கினால் விலக்கு இல்லை. அதனால் வாங்கும் வவுச்சரில் விளைவித்தவரின் பெயர், ஊர், கையெழுத்து இருக்க வேண்டும். அது இல்லாத வவுச்சரால் பயனில்லை.

வீட்டுக் கணக்கையும் கடைக் கணக்கையும் ஒரே யுபிஐயில் ஓட்டாதீர்கள். சீட்டுப் பணம், அண்ணன் அனுப்பியது, கடை வரவு எல்லாம் ஒரே கணக்கில் விழுந்தால், இரண்டு வருடம் கழித்து எது விற்பனை என்று உங்களாலேயே சொல்ல முடியாது. 2025இல் கர்நாடகத்தில் சிறு கடைக்காரர்களுக்கு யுபிஐ வரவை வைத்தே ஜிஎஸ்டி நோட்டீஸ் போனது. தனியாக ஒரு நடப்புக் கணக்கு, கடைக்கு மட்டும் ஒரு கியூஆர் என்று இருந்தால் பாதி வேலை முடிந்தது.

ஆறாம் படி: ஜிஎஸ்டியில் எல்லை முக்கியம்

பொருள் மட்டும் விற்பவருக்குப் பதிவு வரம்பு வருடம் 40 லட்சம். சேவைக்கு 20 லட்சம். இந்த இரண்டு எண்ணும் எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் மாட்டும் இடங்கள் கீழே வருபவை.

வரி இல்லாத பொருளின் விற்பனையும் 40 லட்சத்தில் சேரும். ஈத்தாமொழியில் ஒருவர் தேங்காய் 38 லட்சத்துக்கும் தேங்காய் எண்ணெய் 4 லட்சத்துக்கும் விற்றால் மொத்தம் 42 லட்சம், பதிவு கட்டாயம். வரி கட்ட வேண்டியது எண்ணெய்க்கு மட்டும், 5 சதவீதம். தேங்காய் மட்டுமே விற்றிருந்தால் எத்தனை லட்சமானாலும் பதிவு வேண்டாம்.

கடைக்காரருக்கு வேறு கட்டடத்தில் இருந்து கடை வாடகை வருகிறது என்றால் அது சேவை. அப்போது 40 லட்சம் என்ற சலுகை போய் 20 லட்சமே வரம்பாகிறது. மாதம் 6,000 ரூபாய் கடை வாடகை இதைச் செய்துவிடும்.

வரிக்குரிய பொருளைத் தமிழ்நாட்டுக்கு வெளியே அனுப்பினால் முதல் ரூபாயில் இருந்தே பதிவு வேண்டும். பாறசாலை ஹோட்டலுக்கு வாரம் ஒருமுறை மசாலா அனுப்பும் களியக்காவிளைக் கடைக்கு வருட விற்பனை 10 லட்சம்தான் என்றாலும் விலக்கில்லை. மார்த்தாண்டம் தேனைப் பாட்டிலில் அடைத்து லேபிள் ஒட்டி வெளிமாநிலங்களுக்கு ஆன்லைனில் விற்பவரும் அப்படியே: அடைத்து லேபிள் ஒட்டிய தேனுக்கு 5 சதவீதம், பேக்கிங் இல்லாத சில்லறைத் தேனுக்கு வரி இல்லை. அறிவிக்கப்பட்ட கைவினைப் பொருட்களுக்கு மட்டும் 20 லட்சம் வரை விலக்கு உண்டு.

ஆனால் கேரளத்தில் இருந்து ஒருவர் உங்கள் கடைக்கே வந்து சில்லறையாக வாங்கிக்கொண்டு போனால்? அவர் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவராக இருந்து, பில்லில் அவர் முகவரி எழுதவில்லை என்றால், விற்பனை நடந்த இடம் உங்கள் கடைதான். உள்மாநில விற்பனை, சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும் (ஜிஎஸ்டியின் மத்திய, மாநிலப் பங்குகள்) போட வேண்டும். பில்லில் கேரளம் என்று மாநிலப் பெயரை எழுதிவிட்டாலே வெளிமாநில விற்பனையாகி ஐஜிஎஸ்டி ஆகிவிடும். பில்லிங் மென்பொருளில் வாடிக்கையாளர் மாநிலம் என்ற கட்டத்தைப் பையன்கள் கைக்கு வந்தபடி நிரப்புவதால் இது அடிக்கடி நடக்கிறது. கடைப் பையனுக்கு முதலில் சொல்லித்தர வேண்டியது இந்த ஒரு கட்டத்தைத்தான்.

காம்பொசிஷன் என்ற எளிய ஜிஎஸ்டி திட்டத்தில் 1.5 கோடி வரை விற்பவர் 1 சதவீதம் கட்டலாம், ஹோட்டலுக்கு 5. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 18ஆம் தேதிக்குள் சிஎம்பி-08 என்ற வரி கட்டும் படிவம், வருடத்துக்கு ஒரு ஜிஎஸ்டிஆர்-4 ரிட்டர்ன், அவ்வளவுதான் வேலை. அதற்கு விலையாக, வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்க முடியாது, உள்ளீட்டு வரி (சரக்கு வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியின் கழிவு) எடுக்க முடியாது, வெளிமாநிலத்துக்கு விற்க முடியாது. எல்லையோரக் கடைகளுக்குக் கடைசி நிபந்தனையே தடை. விளவங்கோடு பக்கம் கேரள வாடிக்கையை நம்பி நடக்கும் மொத்த வியாபாரி காம்பொசிஷனில் சேரக்கூடாது. நாகர்கோவில் உள்ளூர் மளிகைக்கு அது பொருத்தமானது.

சாதாரணப் பதிவில் இருப்பவர் வாடகைக் கட்டடத்தில் கடை நடத்தி, கட்டட உரிமையாளர் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் என்றால், 2024 அக்டோபர் 10 முதல் அந்த வாடகைக்கு 18 சதவீதம் வரியைக் கடைக்காரரே கட்ட வேண்டும். கட்டியதை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். காம்பொசிஷன்காரருக்கு இது இல்லை. முந்திரி ஆலைகள் விவசாயியிடம் நேரடியாக வாங்கும் தோலுடன் கூடிய முந்திரிக்கும் இதேபோல் வாங்குபவரே வரி கட்டும் முறைதான்.

கன்னியாகுமரியில் லாட்ஜ் நடத்துபவருக்கு 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 வரையுள்ள அறைக்கு 5 சதவீதம், உள்ளீட்டு வரி இல்லாமல். வருட வரவு 20 லட்சத்துக்குள் உள்ள ஹோம்ஸ்டேக்காரர் முன்பதிவுத் தளம் வழியாக அறை கொடுத்தால், அந்த வரியைத் தளமே கட்டும். தளத்தில் சேர்ந்ததற்காகப் பதிவு எடுக்க வேண்டியதில்லை.

பதிவுக்குப் பான், ஆதார், புகைப்படம், வங்கி விவரம், இடத்துக்கான ஆவணம் வேண்டும். வரம்பைத் தாண்டிய நாளில் இருந்து 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் தட்டிக்கழிக்கப்படுவது பெரும்பாலும் இட ஆவணத்தில்தான். மின் இணைப்பு தாத்தா பெயரில், வீட்டு வரி ரசீது அப்பா பெயரில், ஒப்பந்தம் போட்டது அண்ணன். அப்படியென்றால் உரிமையாளரின் சம்மதக் கடிதம், வாரிசுச் சான்று, புதிய வரி ரசீது மூன்றையும் சேர்த்தே பதிவேற்றுங்கள். கதவு எண் மூன்றிலும் ஒன்றாக இருக்கட்டும்.

ரிட்டர்ன் மாதாந்திரம் என்றால் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்) 11ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி (வரி கட்டும் ரிட்டர்ன்) 20ஆம் தேதி. விற்பனை 5 கோடி வரை உள்ளவர் காலாண்டு முறை எடுத்தால் ஜிஎஸ்டிஆர்-1 13ஆம் தேதி, 3பி தமிழ்நாட்டுக்கு 22ஆம் தேதி. இடையில் உள்ள மாதங்களின் வரியை 25ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். விற்பனையே இல்லாத மாதத்துக்கும் 3பி உண்டு, தாமதத்துக்கு நாளுக்கு 20 ரூபாய். கடையை மூடிவிட்டுப் பதிவை ரத்து செய்ய மறந்தவர்களுக்கு இந்த 20 ரூபாய் ஆயிரக்கணக்கில் போய் நிற்கும்.

ஏழாம் படி: கல்ஃபில் இருப்பவர், அவர் அனுப்பும் பணம்

அங்கே சம்பாதித்த சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போட்டு வைக்கும் என்ஆர்இ கணக்கின் வட்டிக்கும் இல்லை. ஆனால் இங்கே கிடைக்கும் வாடகைக்கும் என்ஆர்ஓ (வெளிநாட்டில் வசிப்பவரின் உள்நாட்டு வருமானத்துக்கான கணக்கு) வட்டிக்கும் உண்டு, அதோடு 12 லட்சம் வரை வரி இல்லை என்ற தள்ளுபடி வெளிநாட்டில் வசிப்பவருக்குக் கிடையாது.

தக்கலையில் வீட்டு வாடகை வருடம் 2,40,000, நிலைக்கழிவு 30 சதவீதம் போக 1,68,000. என்ஆர்ஓ வட்டி 4,32,000. மொத்தம் 6 லட்சம். வரி 10,400. ஊரில் இருந்தால் பூஜ்யம். ஆனால் வங்கியும் குடியிருப்பவரும் 31.2 சதவீதம் டிடிஎஸ் பிடிக்க வேண்டும் என்பதால் 2,09,664 ரூபாய் ஏற்கெனவே போயிருக்கும். ஐடிஆர்-2 போட்டால் 1,99,264 திரும்ப வரும். போடாவிட்டால் வராது. வீட்டுக்காரர் வெளிநாட்டில் என்றால், வாடகை எவ்வளவு சிறியதானாலும் டிடிஎஸ் பிடிக்கும் கடமை குடியிருப்பவருடையது என்பதையும் இருவரும் அறிந்திருக்க வேண்டும்.

கணவர் மனைவிக்கு அனுப்பும் பணம் பரிசுதான், எத்தனை லட்சமானாலும் வரி இல்லை. ஆனால் அந்தப் பணத்தை மனைவி பெயரில் டெபாசிட் போட்டால், வட்டி கணவரின் வருமானத்தோடு சேரும். என்ஆர்இ கணக்கிலேயே டெபாசிட் வைத்தால் வட்டிக்கு வரியே இல்லாமல் போகும். வேலைக்குப் போன பிறகும் பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே நடத்துவது தவறு. அதை என்ஆர்ஓவாக மாற்ற வேண்டும்.

எட்டாம் படி: நிலம் விற்கும்போது

கிராமத்து விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை. எது கிராமம் என்பதுதான் சிக்கல். மக்கள்தொகை 10,000 முதல் 1 லட்சம் வரை உள்ள நகர எல்லையில் இருந்து நேர்கோட்டில் 2 கிலோமீட்டர், 1 முதல் 10 லட்சம் வரை என்றால் 6 கிலோமீட்டர் தாண்டியிருக்க வேண்டும். நாகர்கோவில் மாநகராட்சிக்கு 6. குழித்துறை, பத்மநாபபுரம், குளச்சல் நகராட்சிகளுக்கு 2. இங்கே பேரூராட்சிகள் நெருக்கமாக இருக்கின்றன, பலவற்றில் மக்கள்தொகை 10,000க்கு மேல். அவற்றையும் சேர்த்தே அளந்து பாருங்கள். வயலும் வாழைத் தோப்புமாகத் தெரியும் இடம் சட்டத்தின் கண்ணில் நகரமாக இருக்கலாம்.

வரி உண்டு என்றால்: 2001க்கு முன் நீங்கள் வாங்கிய, அல்லது அப்பா அதற்கு முன் வாங்கி உங்களுக்கு வந்த நிலத்துக்கு 2001 ஏப்ரல் 1 சந்தை மதிப்பை அடக்கவிலையாக எடுக்கலாம். அது 5 லட்சம், 2025-26இல் விற்ற விலை 30 லட்சம் என்று வைப்போம். பணவீக்கக் குறியீடு இல்லாமல் லாபம் 25 லட்சம், 12.5 சதவீதம் வரி 3,12,500. குறியீடு 376ஐ (100க்கு 376 என்ற கணக்கில்) வைத்தால் அடக்கம் 18,80,000, லாபம் 11,20,000, 20 சதவீதம் வரி 2,24,000. இரண்டில் குறைந்ததைக் கட்டலாம். இந்த வாய்ப்பு 2024 ஜூலை 23க்கு முன் பெற்ற நிலத்துக்கும் இந்தியாவில் வசிப்பவருக்கும் மட்டும். விற்பவர் கல்ஃபில் இருந்தால் 12.5 மட்டுமே.

50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீதம் டிடிஎஸ் பிடித்துக் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் இந்த 1 சதவீதமும் 50 லட்ச வரம்பும் பொருந்தாது, சிறிய தொகைக்கும் அதிக விகிதத்தில் பிடிக்க வேண்டும். விற்பவர் முன்கூட்டியே வருமான வரி அலுவலரிடம் குறைந்த விகிதச் சான்று வாங்கிக் கொடுப்பது இருவருக்கும் நல்லது. இதைக் கவனிக்காமல் முழுப் பணத்தையும் கொடுத்துப் பத்திரம் முடித்தால், பிடிக்காத வரியை வாங்கியவரிடம் கேட்பார்கள்.

ஒன்பதாம் படி: தாக்கல், அதற்குப் பிறகு

ஜூலை 31 என்ற தேதியை வைத்தே வேலையைத் திட்டமிடுங்கள். நீட்டிப்பு வந்தால் வரட்டும். தாமதமானால் கட்டணம் 5,000, வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000. தாக்கல் செய்த 30 நாளுக்குள் ஆதார் ஓடிபியால் சரிபார்க்க வேண்டும். சரிபார்க்காத ரிட்டர்ன் போடாததற்குச் சமம். ரீஃபண்ட் வராமல் நிற்பதற்கு முதல் காரணம் வங்கிக் கணக்கைத் தளத்தில் சரிபார்க்காதது, அல்லது பானில் ஒரு பெயரும் பாஸ்புக்கில் வேறு பெயரும் இருப்பது. இனிஷியலை விரித்து எழுதிய பானும் சுருக்கி எழுதிய பாஸ்புக்கும் உள்ளவர்கள் ஜூன் மாதமே வங்கியில் சரிசெய்துகொள்ளுங்கள்.

ஜிஎஸ்டியில் காட்டிய விற்பனையும் ஐடிஆரில் காட்டிய விற்பனையும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு துறைகளும் தகவலைப் பகிர்ந்துகொள்கின்றன.

உள்ளாட்சிக் கணக்கையும் மறக்க வேண்டாம். தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை, 1,250 ரூபாய் வரை. நகர்ப்புறச் சொத்து வரியை அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000. அதாவது ஏப்ரல் 30, அக்டோபர் 30க்குள்.

நோட்டீஸ் வந்தால் முதலில் அதில் உள்ள டிஐஎன் என்ற ஆவண எண்ணைத் துறையின் தளத்தில் போட்டு உண்மைதானா என்று பாருங்கள். பணம் கட்டச் சொல்லி லிங்க் வரும் வாட்ஸ்அப் செய்தி நோட்டீஸ் அல்ல. 143(1) என்று இருந்தால் அது பெரும்பாலும் கணினி ஒப்பீட்டின் முடிவு. உங்கள் கணக்குக்கும் அவர்கள் கணக்குக்கும் இரண்டு நிரல் இருக்கும், வித்தியாசப்படும் வரியைப் பார்த்தால் காரணம் தெரியும். அவர்கள் சொல்வது சரி என்றால் கட்டிவிடுங்கள். தவறு என்றால் குறித்த நாளுக்குள் தளத்திலேயே ஆதாரத்தோடு பதில் போடுங்கள். ஜிஎஸ்டி கணக்குகளை வருடாந்திர ரிட்டர்னின் கடைசித் தேதியில் இருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். தெர்மல் தாளில் அச்சான பில் ஆறு மாதத்தில் வெளுத்துவிடும், நம் கடற்கரை ஈரத்தில் இன்னும் சீக்கிரம். வாங்கிய அன்றே போட்டோ எடுத்து, மாதவாரியாக ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள்.